வெள்ள இரவில் மின்சாரம் எங்கிருந்து வரும்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்டிறுதி மழை நெருங்கும்போதெல்லாம் நம்மவர்களிடையே ஒரு பேச்சு எழுவது வழக்கம். மேற்கே சுமத்ரா மறைத்து நிற்கிறது, பூமத்திய ரேகையும் அருகில் இருக்கிறது, ஆகவே புயல் என்பது பிலிப்பைன்ஸுக்கும் வியட்நாமுக்கும் தமிழ்நாட்டுக் கடலோரத்துக்கும் உரியதே தவிர பினாங்குக்கு உரியதன்று என்பதே அந்தப் பேச்சு. நானும் நெடுங்காலம் அப்படித்தான் நம்பியிருந்தேன். 2017 நவம்பர் 4ஆம் தேதி இரவோடு அந்த நம்பிக்கை என்னை விட்டுப் போயிற்று.

அந்த இரவையும் அதற்கு மறுநாளையும் பினாங்கு மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு தாழ்வழுத்தம் கொண்டுவந்த மழையும் காற்றும் தீவையும் பெருநிலப் பகுதியான செபராங் பிறையையும் ஒருசேரத் தாக்கின. மரங்கள் சாய்ந்தன. ஆண்டுதோறும் வெள்ளம் பார்த்துப் பழகிய ஜாலான் பி. ரம்லி மக்கள்கூட அதுவரை காணாத அளவுக்குத் தண்ணீர் ஏறியது. ஏழு உயிர்கள் போயின. காற்றின் வேகத்தை மட்டும் அளந்தால் அதைச் சூறாவளி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் ஒரு நோயாளியின் கட்டிலருகே நின்று பார்ப்பவருக்குக் காற்றின் வேகம் எத்தனை என்பது முதற்கேள்வியாக இருப்பதில்லை. மின்சாரம் இருக்கிறதா, அது எத்தனை நேரம் இருக்கும் என்பதுதான் கேள்வி.

என் அக்காவுக்கு அப்போது வயது 71. நுரையீரல் நோயால் அவதிப்பட்ட அவர், தீவில் ஒரு முதியோர் இல்லத்தில் இரவும் பகலும் ஆக்சிஜன் செறிவூட்டும் கருவியின் துணையோடு இருந்தார். அன்று இரவு 11 மணிக்குப் பிறகு மின்சாரம் நின்றது. இல்லத்தின் பின்புறம், சமையற்கட்டை ஒட்டி, ஒரு டீசல் ஜெனரேட்டர் இருந்தது. அது உடனே ஓடத் தொடங்கியதால் எல்லாரும் நிம்மதி அடைந்தார்கள். ஒரு மணி நேரம் ஆவதற்குள் பின்கட்டில் தண்ணீர் ஏறி அது நின்றுவிட்டது. கையிருப்பில் ஒரே ஓர் ஆக்சிஜன் சிலிண்டர் இருந்தது. இரண்டு பணியாளர்கள் அக்காவை நாற்காலியோடு மாடிக்குத் தூக்கிச் சென்று, சிலிண்டரின் ஓட்டத்தைக் குறைத்து வைத்து, விடியும்வரை அவர் அருகிலேயே உட்கார்ந்திருந்தார்கள். பட்டர்வொர்த்தில் என் வீட்டு வாசலிலும் முழங்காலளவு தண்ணீர். தொலைபேசியில் அக்காவின் மூச்சிரைப்பைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அதிகாலையில் அந்தத் தொலைபேசியும் மின்னேற்றம் தீர்ந்து அடங்கியது. மறுநாள் பிற்பகலில்தான் என்னால் அங்குப் போய்ச் சேர முடிந்தது. அக்கா பிழைத்திருந்தார். அந்தப் பணியாளர்கள் இருவரையும் இன்றும் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.

நான் பிறையில் ஒரு தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சார்ஜ்மேனாக, அதாவது மின்சாதனங்களுக்குப் பொறுப்பாளராக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அக்காவைப் பார்த்த பிறகு என் கால்கள் தாமாக அந்த ஜெனரேட்டரிடம் போயின. தொட்டி நிறைய எண்ணெய் இருந்தது. இயந்திரத்திலும் பழுதில்லை. அதைத் தொடக்கிவிடும் பேட்டரியும், கட்டுப்பாட்டுப் பெட்டியும், மின்சாரத்தை வெளி இணைப்பிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சுவிட்சும் அரையடி உயரமுள்ள சிமெண்டு மேடையில் இருந்தன. தண்ணீர் இரண்டடி ஏறியிருந்தது. இவ்வளவுதான் நடந்தது. அந்த இல்லத்தாரைக் குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை. மாதந்தோறும் பத்து நிமிடம் அந்த இயந்திரத்தை ஓட்டிப் பார்த்தவர்கள் அவர்கள். விதிமுறை கேட்டதை அவர்கள் செய்திருந்தார்கள். என் கவலை வேறு. ஆண்டு முழுவதும் உறங்கும் ஓர் இயந்திரத்தை நம்பி, மிக மோசமான இரவில் அது மட்டும் விழித்துக்கொள்ள வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். இந்த ஏற்பாட்டைத்தான் நாம் மாற்ற வேண்டும் என்று அன்றிலிருந்து எண்ணி வருகிறேன்.

இந்த அனுபவம் எங்களுக்கு மட்டும் நேர்ந்ததன்று. 2012 அக்டோபர் 29ஆம் தேதி சாண்டி புயல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி கரையைத் தாக்கியபோது, நியூயார்க்கின் தென்முனையில் கடல் ஏறத்தாழ 14 அடி உயர்ந்தது. ஒரு பெரிய துணை மின் நிலையம் வெள்ளத்தில் மூழ்கி வெடிப்புடன் செயலிழக்க, மன்ஹாட்டனின் தென்பகுதியில் பெரும்பகுதி இருண்டது. அங்குள்ள பெல்வியூ மருத்துவமனையில் ஜெனரேட்டர்களை 13ஆம் மாடியில் வைத்திருந்தார்கள். வெள்ளத்தை முன்னறிந்து செய்த ஏற்பாடு அது. ஆனால் அவற்றுக்கு எண்ணெய் ஏற்றும் பம்புகள் அடித்தளத்தில் இருந்தன. அவை மூழ்கியதும், ஊழியர்களும் படைவீரர்களும் படிக்கட்டில் வரிசையாக நின்று, கைமாற்றிக் கைமாற்றி 13 மாடி உயரத்துக்கு எண்ணெயைத் தூக்கினார்கள். இறுதியில் நோயாளிகளை வெளியேற்ற வேண்டியதாயிற்று. அருகிலிருந்த நியூயார்க் பல்கலைக்கழக லாங்கோன் மருத்துவமனையிலும் அடித்தளத்தில் வெள்ளம் புகுந்து மாற்று மின்சாரம் நின்றது. 300க்கும் மேற்பட்ட நோயாளிகளை இருட்டில் படிக்கட்டு வழியாக இறக்கினார்கள். தீவிர சிகிச்சையில் இருந்த பச்சிளங்குழந்தைகளைச் செவிலியர்கள் கையில் ஏந்தி, கையாலேயே காற்றுப்பையை அழுத்தி மூச்சுக் கொடுத்தபடி கீழே கொண்டுவந்தார்கள். 2005இல் கத்ரீனா புயலின்போது நியூ ஆர்லியன்ஸ் நகரின் மெமோரியல் மருத்துவமனையில் ஜெனரேட்டர்கள் அடங்கிய பின் நடந்தவற்றை இங்கு விரித்து எழுத மனம் வரவில்லை. வெள்ளம் வடிந்த பிறகு அங்கிருந்து 45 உடல்கள் எடுக்கப்பட்டன. சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது ஒரு மருத்துவமனையில் ஜெனரேட்டர் நீரில் மூழ்கி, தீவிர சிகிச்சையில் இருந்தவர்கள் இறந்த செய்தியை நம் பத்திரிகைகளிலும் படித்தோம்.

அதே சாண்டி இரவில் சில இடங்களில் விளக்கு அணையவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் கோ-ஆப் சிட்டி என்ற மாபெரும் அடுக்குமாடிக் குடியிருப்பு இருக்கிறது. அங்கு பல்லாயிரக்கணக்கானோர் வாழ்கிறார்கள். அந்தக் குடியிருப்புக்கென்று 40 மெகாவாட் திறனுள்ள சொந்த மின் நிலையம் உண்டு. சுற்றிலும் இருட்டு சூழ்ந்தபோது அங்கு மின்தூக்கிகள் ஓடின, குழாய்களில் தண்ணீர் வந்தது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் தன் 15 மெகாவாட் எரிவாயுச் சுழலியைக் கொண்டு, பொது மின் கட்டமைப்பிலிருந்து தன்னைத் துண்டித்துக்கொண்டு, தன் வளாகத்தின் முக்கியத் தேவைகளைத் தானே பார்த்துக்கொண்டது. லாங் ஐலண்டில் உள்ள சவுத் ஓக்ஸ் மருத்துவமனையின் நிலையம் மிகச் சிறியது, ஒன்றேகால் மெகாவாட்தான். அது ஏறக்குறைய இரண்டு வாரம் பொது மின்சாரத்தின் துணையின்றி இயங்கியதோடு, வேறு இடங்களிலிருந்து வந்த நோயாளிகளையும் ஏற்றுக்கொண்டது. கத்ரீனாவின்போதும் இப்படி ஒன்று நடந்தது. மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் நகரில் பாப்டிஸ்ட் மருத்துவமனை, ஊர் முழுவதும் மின்சாரம் இல்லாமல் கிடந்த 52 மணி நேரமும் தன் எரிவாயுச் சுழலியால் இயங்கியது.

இந்த இடங்களுக்கெல்லாம் பொதுவான ஒன்று உண்டு. இவற்றின் இயந்திரங்கள் புயலுக்காக வாங்கி மூலையில் வைக்கப்பட்டவை அல்ல. அன்றாடம் ஓடி, அன்றாடம் மின்சாரம் தந்து, அதில் பிறக்கும் வெப்பத்தையும் வீணாக்காமல் பயன்படுத்திக்கொள்ளும் நிலையங்கள் அவை. நாள்தோறும் ஓடும் இயந்திரத்தின் பழுது நாள்தோறும் தெரிந்துவிடும். அதைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஆளும் பக்கத்திலேயே இருப்பார். எரிபொருள் நிலத்தடிக் குழாயில் வருவதால், வெள்ளத்தில் எண்ணெய் லாரி வந்து சேருமா என்று வழிமேல் விழி வைத்துக் காத்திருக்க வேண்டியதில்லை. எப்போதாவது ஓட்டப்படும் டீசல் இயந்திரத்துக்கு இவை எதுவும் கிடையாது. சுமையில்லாமல் சில நிமிடம் ஓட்டி நிறுத்தினால் எரியாத எண்ணெய் உள்ளே படிந்துகொண்டே போகும். நம் நாட்டு டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து எடுத்த எரிபொருளும் கலந்திருக்கிறது. அது நல்ல திட்டமே என்றாலும், அந்தக் கலவை ஈரத்தை எளிதில் ஈர்ப்பதால் தொட்டியில் நெடுங்காலம் கிடந்தால் கசடு சேரும். முதியோர் இல்லம் நடத்துபவர்கள் தொட்டியின் அளவை மட்டும் பார்க்காமல், உள்ளிருக்கும் எண்ணெய் எத்தனை மாதப் பழையது என்பதையும் பார்க்க வேண்டும்.

மின்சாரத்தையும் வெப்பத்தையும் ஒரே அடுப்பில் எடுக்கும் இந்த முறை நம் மக்களுக்குப் புதியதன்று. என் தந்தையார் கெடாவில் ஒரு தோட்டத்துச் செம்பனை ஆலையில் பாயிலர்காரராக இருந்தார். குலையிலிருந்து எண்ணெய் பிழிந்த பிறகு மிஞ்சும் நாரையும் கொட்டை ஓட்டையும் அவர் பாயிலரில் போட்டு எரிப்பார். அந்த நீராவி முதலில் டர்பைனைச் சுற்றி ஆலைக்கு மின்சாரம் கொடுக்கும். டர்பைனை விட்டு வெளியேறிய பின்னும் சூடு குறையாத அதே நீராவி அடுத்த குலைகளை அவிக்கப் போகும். ஒரே நெருப்புக்கு இரண்டு வேலை. லயத்து வீடுகளுக்கும் அந்த ஆலையிலிருந்துதான் மின்சாரம் வந்தது. 1996 ஆகஸ்ட் 3ஆம் தேதி மாலை தீபகற்ப மலேசியா முழுவதும் மின்சாரம் நின்றபோது பட்டணத்திலிருந்த நான் மெழுகுவர்த்தி வாங்கக் கடை கடையாக அலைந்தேன். மறுநாள் தோட்டத்துக்குப் போனபோது, ஆலை நிற்கவே இல்லை என்று என் தந்தையார் சாதாரணமாகச் சொன்னார். அமெரிக்கப் பொறியாளர்கள் இன்று நுண்மின்கட்டமைப்பு (ஓரிடத்துக்கென்று தனித்து இயங்கக்கூடிய சிறு மின் கட்டமைப்பு) என்று பெயர் சூட்டிப் பேசுவதை நம் பெற்றோர் நார் புழுதியில் நின்று நடத்திக்காட்டியிருக்கிறார்கள். அந்த அறிவை நாம் தோட்டத்தோடு விட்டுவிட்டு வந்துவிட்டோம் என்பதே எனக்கு வருத்தம்.

பட்டணத்து மருத்துவமனையில் குலை அவிக்க வேண்டியதில்லையே, அந்த வெப்பத்தை என்ன செய்வது என்று கேட்கலாம். குளிர்நாடுகளில் அது கட்டடத்தைச் சூடாக்கப் பயன்படுகிறது. நம் வெப்பநாட்டில் அதே வெப்பத்தைக் கொண்டு கட்டடத்தைக் குளிர்விக்கலாம். மின்சாரத்தால் ஓடும் அழுத்தி (கம்ப்ரஸர்) இல்லாமல், நீராவியின் சூட்டைக் கொண்டே குளிர்ந்த நீரை உண்டாக்கும் இயந்திரங்கள் பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் உள்ளன. அவற்றைப் பார்க்க வெளிநாடு போக வேண்டியதில்லை. நமக்குப் பக்கத்து மாநிலமான பேராவில், ஸ்ரீ இஸ்கண்டாரில் இருக்கும் பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இரண்டு எரிவாயுச் சுழலிகள் மின்சாரம் தருகின்றன; அவற்றின் கழிவு வெப்பம் நீராவியாகி வளாகத்துக்குக் குளிர்நீர் தருகிறது. கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்துக்கும் இப்படிப்பட்ட எரிவாயுக் குளிரூட்டு நிலையம் அமைக்கப்பட்டது. தொலைவில் உள்ள மின் நிலையங்கள் பலவற்றில் எரிபொருளின் ஆற்றலில் பாதியோ அதற்கு மேலோ வெப்பமாக வெளியேறிவிடுகிறது. தேவைப்படும் இடத்திலேயே மின்சாரத்தை உண்டாக்கி அதன் வெப்பத்தையும் பிடித்துக்கொண்டால், எரிபொருளின் ஆற்றலில் நூற்றுக்கு 65 முதல் 80 பங்கு வரை பயனாகிறது. பகலும் இரவும் குளிரூட்ட வேண்டிய பெரிய மருத்துவமனைக்கு இது பொருந்தும். பகலில் மட்டும் திறந்திருக்கும் அலுவலகத்துக்கு அந்த அளவுக்குப் பொருந்தாது.

எரிவாயுவையே எல்லாவற்றுக்கும் மருந்தாகச் சொல்ல மாட்டேன். குழாய் எல்லா ஊருக்கும் எட்டவில்லை. எட்டிய இடத்திலும் அது தவறே நேராத ஒன்றன்று. 2025 ஏப்ரல் 1ஆம் தேதி புத்ரா ஹைட்ஸில் எரிவாயுக் குழாய் தீப்பற்றி எரிந்ததை நாம் எல்லாரும் கண்டோம். சிறிய இடங்களுக்கு அந்தச் செலவும் தாங்காது. என் அக்கா இருந்தது போன்ற முப்பது கட்டில் இல்லத்துக்கோ, ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் நடக்கும் இரத்தச் சுத்திகரிப்பு (டயாலிசிஸ்) மையத்துக்கோ, வெள்ளத்தில் வீடிழந்தவர்கள் தங்கும் பள்ளி மண்டபத்துக்கோ சூரியத் தகடும் பேட்டரியும்தான் ஏற்றவை.

இதற்கும் புயல் கண்ட ஊர் ஒன்று வழிகாட்டுகிறது. பினாங்கு வெள்ளத்துக்கு ஏறத்தாழ ஆறரை வாரங்களுக்கு முன்பு, 2017 செப்டம்பர் 20ஆம் தேதி, மரியா சூறாவளி புவேர்ட்டோ ரிக்கோ தீவின் மின் கட்டமைப்பை அடியோடு வீழ்த்தியது. கடைசி வீடுகளுக்கு மின்சாரம் திரும்ப ஏறக்குறைய 11 மாதங்கள் ஆயின. புயலுக்குப் பிந்திய மாதங்களையும் சேர்த்து ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகம் செய்த ஆய்வு 2,975 பேர் கூடுதலாக இறந்ததாக மதிப்பிட்டது. இவர்களில் பலரைக் கொன்றது காற்றன்று. பின்வந்த நீண்ட நாட்களில் மருத்துவ உதவியும் மின்சாரமும் இல்லாமல் போனதே அவர்களைக் கொன்றது. அந்தத் தீவின் மலைப்பகுதியில் அட்ஹுன்டாஸ் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்கே காசா புவெப்லோ என்ற மக்கள் அமைப்பு பல ஆண்டுகளுக்கு முன்பே தன் கூரையில் சூரியத் தகடுகளைப் பொருத்தியிருந்தது. புயலுக்கு மறுநாள் ஊரில் விளக்கு எரிந்த இடம் அதுதான். மக்கள் தொலைபேசிக்கு மின்னேற்ற வந்தார்கள். மூச்சுக் கருவிகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பின்னர் 2023இல் ஊர்ச் சதுக்கத்தைச் சுற்றியுள்ள கடைகளின் கூரைகளை இணைத்து, பேட்டரிகளோடு கூடிய ஒரு நுண்மின்கட்டமைப்பையும் அங்கே நிறுவிவிட்டார்கள்.

இங்கே வாசகர்கள் ஒன்றை நன்றாக அறிந்துகொள்ள வேண்டும். பினாங்கில் வீட்டுக் கூரைகளில் சூரியத் தகடு பெருகிவிட்டது, மகிழ்ச்சியே. ஆனால் வெளி மின்சாரம் நின்றால் தம் வீட்டில் விளக்கு எரியும் என்று எண்ணிக்கொண்டிருப்பவர்களை நான் அடிக்கடி சந்திக்கிறேன். பெரும்பாலான வீடுகளில் அப்படி எரியாது. கம்பத்தில் ஏறிப் பழுது பார்க்கும் ஊழியரை அந்த வீட்டு மின்சாரம் தாக்கிவிடக்கூடாது என்பதற்காக, வெளி இணைப்பு நின்றவுடன், தகட்டு மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றதாக மாற்றித் தரும் இன்வெர்ட்டரும் தானாகவே நின்றுவிடுமாறு அமைக்கப்பட்டிருக்கிறது. அந்த விதி சரியானது, உயிர் காப்பது. இருட்டிலும் மின்சாரம் வேண்டுமென்றால், வெளி இணைப்பை முழுவதுமாகத் துண்டித்துவிட்டு வீட்டைத் தனித் தீவுபோல் இயக்கக்கூடிய இன்வெர்ட்டரும் மாற்றுச் சுவிட்சும் பேட்டரியும் வேண்டும். வாங்கும்போதே இதைக் கேட்டு வாங்க வேண்டும். கட்டணம் எவ்வளவு குறையும் என்ற கணக்கை மட்டும் காட்டும் விற்பனையாளர்கள் பெரும்பாலும் இதைப் பற்றிப் பேசுவதில்லை.

தேவைப்படும் அளவும் நாம் அஞ்சுகிற அளவுக்குப் பெரிதன்று. வீட்டில் வைக்கும் ஆக்சிஜன் செறிவூட்டி ஒன்று ஏறத்தாழ 350 வாட் எடுக்கும். மாலை ஆறு மணி முதல் காலை ஆறு மணி வரை 12 மணி நேரம் ஓடினால் நான்கு யூனிட்டுக்குச் சற்று மேல். ஐந்து யூனிட் கொள்ளும் ஒரு பேட்டரி அந்த இரவைக் கடத்திவிடும். காலையில் மேகமூட்டம் இருந்தாலும் கூரை கொஞ்சமாவது அதில் ஏற்றும். அந்தப் பேட்டரி அன்றிரவு மாடியறையின் சுவரில் இருந்திருந்தால் என் அக்காவை யாரும் நாற்காலியோடு தூக்கியிருக்க வேண்டியதில்லை. இரத்தச் சுத்திகரிப்பு மையத்தின் தேவை இதைவிட அதிகம். நம் நாட்டில் ஏறக்குறைய 50,000 பேர் இந்தச் சிகிச்சையில் இருக்கிறார்கள். வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். ஒருவருக்கு ஒரு முறை செய்யவே நூறு லிட்டருக்கு மேல் சுத்திகரித்த நீர் வேண்டும். அந்த நீரைத் தயாரிக்கும் பம்புக்கும் மின்சாரம் வேண்டும். நடுவில் மின்சாரம் நின்று கருவியின் பேட்டரியும் தீர்ந்துவிட்டால், குழாய்களில் இருக்கும் இரத்தத்தைச் செவிலியர் கையால் சுழற்றி நோயாளியின் உடலுக்குத் திருப்ப வேண்டும். இரண்டு மூன்று நாள் சிகிச்சை தள்ளிப்போனால் உயிருக்கே ஆபத்து. புயலுக்குப் பின் வெள்ளம் வடிந்துவிட்டது என்று ஊர் மூச்சுவிடும் நேரத்தில்தான் இவர்களின் நெருக்கடி தொடங்குகிறது.

ஆகவே மாநில அரசும் பினாங்குத் தீவு, செபராங் பிறை ஆகிய இரு மாநகர் மன்றங்களும் சிலவற்றைச் செய்ய வேண்டும் என்று தங்கள் பத்திரிகை வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். முதலாவது, பணமே அதிகம் கேட்காத ஒன்று. மருத்துவமனை, முதியோர் இல்லம், இரத்தச் சுத்திகரிப்பு மையம் ஆகியவற்றுக்கு அனுமதியோ உரிமப் புதுப்பிப்போ தரும்போது, ஜெனரேட்டர் இருக்கிறதா என்று கேட்பதோடு நிறுத்தாமல், அதன் பேட்டரி, கட்டுப்பாட்டுப் பெட்டி, மாற்றுச் சுவிட்ச், எண்ணெய்ப் பம்பு ஆகிய நான்கும் 2017 வெள்ளம் ஏறிய மட்டத்துக்கு மேலே இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பெல்வியூவில் ஜெனரேட்டர் 13ஆம் மாடியில் இருந்தும் பம்பு ஒன்றால் கெட்டது என்பதை நினைவில் கொண்டால், நான்கையும் சேர்த்துச் சொல்வதன் காரணம் விளங்கும்.

அடுத்தது பெரிய மருத்துவமனைகளைப் பற்றியது. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலம் 2009இல் ஒரு சட்டம் இயற்றியது. புயல் காலத்தில் இயங்கியே ஆக வேண்டிய அரசுக் கட்டடங்களைப் புதிதாகக் கட்டும்போதோ பெரிதாகப் புதுப்பிக்கும்போதோ, மின்சாரமும் வெப்பமும் சேர்ந்த நிலையம் அங்கே பொருந்துமா என்று கட்டாயம் ஆராய வேண்டும் என்கிறது அது. அமைத்தே தீர வேண்டும் என்று அந்தச் சட்டம் வற்புறுத்தவில்லை. ஆராயாமல் விடக்கூடாது என்று மட்டும் சொல்கிறது. பழைய குளிரூட்டும் இயந்திரங்களை மாற்றும் வேளைதான் இதற்கு ஏற்ற வேளை, ஏனென்றால் அப்போது எப்படியும் பெருந்தொகை செலவாகும். அந்த வேளை தவறினால் இன்னும் இருபது ஆண்டுகள் காத்திருக்க நேரும்.

மூன்றாவதாக, நிவாரண மையங்களாகும் பள்ளி மண்டபங்களையும் சமூக மண்டபங்களையும் பற்றிச் சொல்ல வேண்டும். பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. நம் ஆலயங்களுக்கும் விசாலமான மண்டபங்கள் இருக்கின்றன. வெள்ளக் காலத்தில் சமைத்துப் போடுவதில் நம் ஆலயங்கள் ஒருபோதும் பின்வாங்கியதில்லை. அன்னதானக் கூடத்தின் கூரையில் தகடுகளும், மேடான அறையில் ஒரு பேட்டரியும் இருந்தால், அதே இடத்தில் மூச்சுக் கருவியும் ஓடும், இன்சுலின் கெடாமல் குளிர்பெட்டியும் ஓடும், நூறு பேரின் தொலைபேசிகளும் மின்னேறும். மற்ற நாட்களில் அந்தத் தகடுகள் மண்டபத்தின் மின்கட்டணத்தைக் குறைத்துக்கொண்டிருக்கும். நான் முன்னே சொன்ன, நாள்தோறும் ஓடும் இயந்திரத்தின் நன்மை இங்கேயும் அப்படியே இருக்கிறது. புதிய மண்டபத்துக்கு நிதி திரட்டும் நிர்வாகங்கள் குளிரூட்டியோடும் ஒலிபெருக்கியோடும் சேர்த்து இதையும் வரைபடத்தில் இப்போதே குறித்துக்கொள்ள வேண்டும். கட்டி முடித்த பிறகு கம்பி இழுப்பது இரட்டிப்புச் செலவு என்பதை முப்பது ஆண்டு அனுபவத்தில் சொல்கிறேன்.

செலவைப் பற்றி எழும் தயக்கத்தை நான் மதிக்கிறேன். பேட்டரி விலை குறைந்து வந்தாலும், மாதாந்தரக் கட்டணத்தில் தள்ளாடும் ஒரு சிறு இல்லத்துக்கு அது பாரம்தான். அதனால்தான் இதை இல்லம் நடத்துபவர்களின் தலையில் மட்டும் கட்டிவிடாமல், அரசும் பொது அமைப்புகளும் பங்கெடுக்க வேண்டும் என்கிறேன். அதே வேளையில், புயல் அரிதாக வருவதுதானே என்ற வாதத்தை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. 1996 டிசம்பரில் கிரெக் புயல் சபாவின் கெனிங்காவ் பகுதியில் 200க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. 2001 டிசம்பர் 27ஆம் தேதி வாமெய் புயல், பூமத்திய ரேகைக்கு இவ்வளவு அருகில் புயல் உருவாகவே முடியாது என்ற அறிஞர்களின் எண்ணத்தை மீறி ஜொகூரில் கரை கடந்தது. 2025 நவம்பர் இறுதியில் சென்யார் புயல் நம் வாசலாகிய மலாக்கா நீரிணையிலேயே உருவெடுத்தது. நம்மைக் காக்கும் என்று நாம் சொல்லிவந்த சுமத்ராவிலேயே ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதன் பிறகு அது நம் தீபகற்பத்தின் மேற்குக் கரைக்கும் வந்தது.

2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. அங்கே வாழும் எங்கள் உறவினர் குடும்பம் பல வாரங்கள் இருட்டில் கிடந்தது. தமிழ்நாட்டு மின்வாரிய ஊழியர்கள் சேற்றில் இறங்கி இரவு பகலாக உழைத்தார்கள். நம் நாட்டிலும் தெனாகா மின் நிறுவன ஊழியர்கள் வெள்ளத்தில் அப்படித்தான் உழைக்கிறார்கள். ஆனால் மூழ்கிய துணை மின் நிலையத்தைத் தண்ணீர் வடியுமுன் இயக்க யாராலும் முடியாது, இயக்கவும் கூடாது. அந்த இடைவெளி சில இடங்களில் ஆறு மணி நேரம், சில இடங்களில் மூன்று நாள். அந்த இடைவெளியை அந்தந்த இடத்திலேயே பிறக்கும் மின்சாரம்தான் நிரப்ப வேண்டும்.

செப்டம்பர், அக்டோபர் மழை தொடங்குவதற்குள் தீவிலும் பெருநிலத்திலும் உள்ள முதியோர் இல்லங்கள் தங்கள் ஜெனரேட்டர் மேடையின் உயரத்தை ஒருமுறை அளந்து பார்க்க வேண்டுகிறேன். என்னைப் போல் ஓய்வு பெற்ற சார்ஜ்மேன்களும் மின்கம்பியாளர்களும் பிறையிலும் பட்டர்வொர்த்திலும் பலர் இருக்கிறோம். ஆலய நிர்வாகங்களோ பொது இயக்கங்களோ முன்வந்து ஏற்பாடு செய்தால், கூலி எதுவும் பெறாமல் ஒவ்வோர் இல்லமாகச் சென்று பார்த்து, எதை எவ்வளவு உயர்த்த வேண்டும் என்று எழுதிக் கொடுக்க நாங்கள் அணியமாக இருக்கிறோம்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற சார்ஜ்மேன் ஒருவர்,
பட்டர்வொர்த், பினாங்கு.